டீசல் ஏறாத இன்ஜினும் நம் கடைக் கேனும்

வரி, உரிமம், தராசு முத்திரை, சரக்கு விலை என்று எழுதுவதுதான் நம் சங்க இதழின் வழக்கம். படகு இன்ஜினைப் பற்றி எழுத ஒரு மளிகை வியாபாரிக்கு என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கடற்கரை ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடலுக்குப் போகும் படகுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், தீப்பெட்டி, குடிதண்ணீர் வரை அத்தனையும் நம் கடையிலிருந்து கடனுக்குத்தான் ஏறுகிறது. படகு மீனோடு திரும்பினால் நோட்டில் வரவு விழும். இன்ஜின் நடுக்கடலில் நின்று போனால் நம் பணமும் அங்கேயே நின்று போகும். உள்நாட்டு ஊர்களில் இருக்கும் அன்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கரண்ட் போனதும் நீங்கள் ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டர், கிராமத்து மாவு மில்லில் ஓடும் டீசல் இன்ஜின் எல்லாம் இதே சாதிதான். இங்கே சொல்லப்போகும் கோளாறுகள் அவற்றுக்கும் வரும்.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடை தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் சாயங்காலம், நம்மிடம் வழக்கமாகச் சாமான் எடுக்கும் ஃபைபர் படகுக்காரர் வந்தார். "அண்ணாச்சி, டீசலுக்கு ஒரு கேன் பத்தல. காலிக் கேன் இருந்தா குடுங்க" என்றார். கடலை எண்ணெய் வந்த 15 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு கொடுக்க மனம் வரவில்லை. பையனைக் கூப்பிட்டு, சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். விடியற்காலை மூன்று மணிக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. மதியத்துக்கு மேல் திரும்பும்போது அந்தக் கேனிலிருந்த டீசலை டேங்கில் ஊற்றியிருக்கிறார்கள். பத்து நிமிஷம் ஓடிய இன்ஜின் ஏறி இறங்கி முனக ஆரம்பித்து நின்றுவிட்டது. நாலு பேரும் மாறி மாறி ஹேண்டிலைச் சுற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். மறுநாள் மதியம் வேறொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஐஸ் கரைந்து, நல்ல விலைக்குப் போக வேண்டிய மீன் கருவாட்டு விலைக்குப் போயிற்று. அன்றைய தேதியில் அந்தப் படகின் பெயரில் என் நோட்டில் இருந்த பாக்கி ரூ. 6,400. அதைவிட, அந்த ராத்திரி முழுக்க அவர்கள் வீட்டுப் பெண்கள் என் கடை வாசலில் வந்து நின்று "ஏதாவது தகவல் உண்டா அண்ணாச்சி" என்று கேட்டதுதான் இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

ஃபிட்டர் வந்து ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே டீசல் இல்லை, மோர் மாதிரி வெள்ளையாக ஒரு குழம்பு இருந்தது. பிறகு அந்தக் காலிக் கேனை எடுத்துப் பலவிதமாகச் சாய்த்துப் பார்த்தார். கேனின் கைப்பிடி உள்ளே பொள்ளலாக இருக்கிறதல்லவா? அதிலிருந்து கால் டம்ளருக்கு மேல் தண்ணீர் வந்தது. கவிழ்த்து வைத்தாலும் கைப்பிடிக்குள் நிற்கும் தண்ணீர் வெளியே வராது. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் அடியில் தங்கியிருக்கும். சோப்பு கலந்த தண்ணீர் என்பதால், படகின் ஆட்டத்தில் டீசலோடு கடைந்து மோராகிவிட்டது. ஃபில்டர் காகிதம் அதில் ஊறி அடைத்துக்கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே கொடுத்திருந்தால்கூட இத்தனை தொல்லை வந்திருக்காது என்று ஃபிட்டர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஃபிட்டரிடம் கேட்டும், படகுக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். டீசல் இன்ஜின் நின்று போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டனையோ வால்வையோ அல்ல. கேன், புனல், டேங்க், குழாய், ஃபில்டர் இவற்றைத்தான். இவற்றில் பாதி நம் கடைகளில் விற்கும் பொருள்கள்.

டீசல் போகும் வழி

டேங்கிலிருந்து ஒரு டேப். அதற்கடுத்து ஹோஸ். பெரிய படகுகளில் வழியிலேயே தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம் ஒன்று இருக்கும். பிறகு ஃபீட் பம்ப், அதன் பின் ஃபில்டர், அதன் பின் எஃப்.ஐ.பி. பம்ப். இந்த எஃப்.ஐ.பி. பம்ப்தான் டீசலை மிகுந்த அழுத்தத்தில் நாசிலுக்கு அனுப்புகிறது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் பழைய பழக்கத்தில் இதை மைக்கோ பம்ப் என்றே சொல்வார்கள். 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் போஷ் என்று பெயர் மாறியும் பழைய பெயர் பட்டறைகளில் போகவில்லை.

சிறிய ஃபைபர் படகுகளிலும் மாவு மில் இன்ஜின்களிலும் பெரும்பாலும் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கும். டீசல் தானாக இறங்கி வரும், ஃபீட் பம்ப் தேவைப்படாது. விசைப்படகில் டேங்க் கீழே இருக்கும், பம்ப் உறிஞ்சித்தான் வர வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோளாறு கண்டுபிடிப்பதில் இது பெரிய உதவி.

எஃப்.ஐ.பி. பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியின் கனம் சுமார் ஆயிரத்தில் 70 பங்கு. அப்படியானால் கடற்கரை மணலில் ஒரு துகள் உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதுமட்டுமல்ல, இந்தப் பிளஞ்சருக்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது. ஓடுகிற டீசலேதான் அதற்கு மசகு. டீசலுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் துருவும் ஏறும்.

நின்ற இன்ஜினைப் பார்ப்பது எப்படி

வெட்கப்படாமல் முதலில் மூன்றைப் பார்க்க வேண்டும். டேங்கில் டீசல் இருக்கிறதா? டேப் திறந்திருக்கிறதா? நிறுத்தும் லீவர் நிறுத்தும் பக்கமே கிடக்கிறதா? இருபது வருஷ அனுபவக்காரர்களும் லீவரை மறந்துவிட்டு ஃபிட்டருக்கு ஆள் அனுப்பிய கதை எங்கள் ஊரில் உண்டு.

அடுத்தது புகை. ஹேண்டிலைச் சுற்றும்போதோ, செல்ஃப் அடிக்கும்போதோ புகைக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சமும் புகை வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், டீசல் போகிறது, எரியவில்லை. அது கம்ப்ரஷன் குறைவாகவோ, தண்ணீர் கலந்த டீசலாகவோ இருக்கலாம். இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. புகையே இல்லாத இன்ஜினில் நாசிலைக் கழற்றி உட்காருவது நேரத்தைக் கொல்வதுதான்.

நின்ற விதமும் பேசும். கரையிலிருந்து கிளம்பி அரைமணி நேரம் நன்றாக ஓடி, மெல்ல மெல்ல இளைத்து நிற்கிறது; கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஓடி, மறுபடி நிற்கிறது என்றால் டேங்க் மூடியைச் சந்தேகப்படுங்கள். டேங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலோ மேல்பக்கக் குழாயிலோ சிறு துளை இருக்கும். உப்புப் படிந்தும், பெயிண்ட் அடித்தும், பூச்சி கூடு கட்டியும் அது அடைந்து போகும். காற்று வராவிட்டால் டேங்குக்குள் உறிஞ்சல் ஏற்பட்டு டீசல் இறங்காது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊற்றினால் மக்கு மக்கு என்று விழுமே, நாமெல்லாம் எதிர்ப்பக்கம் இரண்டாவது ஓட்டை போட்டுத்தானே ஊற்றுவோம்? அதே கணக்கு. மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் சந்தேகம் தீர்ந்தது. துளையைக் குத்திவிட்டால் போதும். மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே துணியைச் சுற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடல் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அது ஒரு கோளாறைத் தீர்க்க இன்னொன்றை அழைப்பது.

சும்மா ஓடும்போது ஒழுங்காக ஓடி, வலை இழுக்கவோ வேகம் கொடுக்கவோ முயன்றால் மட்டும் திணறுகிறது என்றால், பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு. மெதுவாக ஓடும்போது கொஞ்சம் டீசல் போதும், அடைத்த ஃபில்டரும் அவ்வளவைக் கொடுத்துவிடும். பாரம் ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும். காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கழுவும்போது வெளிப்பக்க அழுக்கு உள்பக்கம் போய்விடும், காகிதம் கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புது ஃபில்டரின் விலையை மிச்சம் பிடிக்கப்போய்ப் பம்ப் வேலைக்குச் செலவழிப்பது எந்தக் கணக்கு?

காற்று நுழையும் இடம்

இன்ஜின் ஏறி இறங்கி ஓடுவது, ராத்திரி நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிப்பது, இவை வழியில் எங்கோ காற்று நுழைகிறது என்பதற்கு அடையாளம். நாசிலுக்குப் போகும் குழாயில் காற்று இருந்தால் பம்ப் அந்தக் காற்றையே அமுக்கி அமுக்கி விடும். நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் சேராது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம்.

இங்கேதான் டேங்க் மேலே இருப்பதா கீழே இருப்பதா என்ற விஷயம் வருகிறது. மேலே இருந்தால் தளர்ந்த இடத்தில் டீசல் சொட்டும், கண்ணால் காணலாம். கீழே இருந்து உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் ஒழுகலையே அண்ணாச்சி" என்று படகுக்காரர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான். கோளாறும் உண்மைதான்.

காற்று நுழைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, இணைப்புகளில் இருக்கும் காப்பர் வாஷர். அதைக் கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். புதிது கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகி உட்காரும். இதைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று ஹோஸ். இதில் நம் பங்கு இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறோம். "எதுக்கு?" என்று கேட்பதில்லை. அந்தப் பிளாஸ்டிக்கை மெதுவாக வைத்திருக்கும் சத்தை டீசல் இழுத்துவிடும். சில மாதங்களில் குழாய் விறைத்து, கிளிப் போட்ட இடத்தில் வெடிக்கும். டீசலுக்கென்று தயாரித்த ரப்பர் ஹோஸ் விலை கூடுதல்தான். ஆனால் படகுக்கு என்று தெரிந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ரப்பர் ஹோஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழசாகும்போது வெளிப்பக்கம் நன்றாக இருக்கும், உள்தோல் பிரிந்து வழியை அடைக்கும். வெளியே பார்த்து ஏமாறக் கூடாது.

திருகு இணைப்புகளில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்கள். அதன் நார் பிய்ந்து பம்புக்குள் போனால் கதை கந்தலாகும். கடலில் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: டேங்கிலோ தாழ்ந்த அழுத்தக் குழாயிலோ சிறு ஒழுகல் என்றால், துணி துவைக்கும் பார் சோப்பை நன்றாக அழுத்தித் தேய்த்து மேலே துணியால் கட்டினால் கரை வரும் வரை தாங்கும். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. என் கேனில் தண்ணீரோடு சேர்ந்து கெடுத்த அதே சோப்பு இங்கே உதவுகிறது! வெளிப்பக்கம் மட்டும்தான் தேய்க்க வேண்டும்.

காற்றை எடுக்கும் முறை எளிது. முதலில் ஃபில்டர் மேலிருக்கும் சிறு ஸ்குரூவைத் தளர்த்த வேண்டும். கைப்பம்ப் இருந்தால் அடிக்க வேண்டும், டேங்க் மேலே இருந்தால் காத்திருந்தாலே போதும். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கிவிட வேண்டும். அடுத்து எஃப்.ஐ.பி. பம்பின் ஸ்குரூவில் இதே வேலை. கடைசியாக நாசில் பக்கத்து நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி இன்ஜினைச் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். கையால் சுற்றும் இன்ஜினில் நாசில் 'கிர்க் கிர்க்' என்று பேச ஆரம்பித்தால் டீசல் ஏறிவிட்டது என்று பொருள். டேங்கிலிருந்து நாசிலை நோக்கி வரிசையாகப் போக வேண்டும். தலைகீழாக நாசிலில் தொடங்கினால் நாள் முழுக்கக் காற்றுதான் வரும்.

எச்சரிக்கை ஒன்று. நாசில் பீச்சுகிறதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். லாரி டயரில் இருப்பது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினாற்போல் சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

என் கேன் கதை அடிக்கடி நடப்பதல்ல. தண்ணீர் பெரும்பாலும் ஓசையில்லாமல் வருகிறது. பாதி காலியான டேங்கில் மேலே இருப்பது கடற்காற்று. ராத்திரிக் குளிர்ச்சியில் அதன் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து இறங்கும். டீசல் ஒரு லிட்டர் சுமார் 830 கிராம், தண்ணீர் 1,000 கிராம். அதனால் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்குக் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று சேரும். கடல் அமைதியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காற்று கிளம்பிப் படகு புரளும்போது அடியில் இருந்த அத்தனையும் கலங்கிக் குழாய்க்கு வரும். இன்ஜின் எந்த நேரத்தில் நிற்கக் கூடாதோ அந்த நேரத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம், விதி அல்ல.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் கிருமியும் வளரும். அவை தண்ணீரில் குடியிருந்து டீசலைத் தின்னும். கறுப்பாக, வழுவழுவென்று, நாற்றத்தோடு ஒரு பாசி மாதிரி படரும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் டேங்கும் அப்படித்தான். தண்ணீர் இல்லாவிட்டால் இந்தப் பாசிக்கு வாழ்வில்லை.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் டேங்க் பாதி டீசலோடு வெயிலிலும் பனியிலும் கிடக்கிறது. வேலையில்லாத காலத்தில் குடும்பச் சாமானும் கடனில்தான் போகும். ஜூன் நடுவில் முதல் கடலுக்குப் போகும்போது ஐஸ், டீசல், சாமான் என்று வருஷத்திலேயே பெரிய தொகை வெளியே நிற்கும். அந்த முதல் பயணத்தில்தான் இரண்டு மாதத் தண்ணீரும் பாசியும் ஃபில்டருக்கு வருகின்றன. தடைக்காலத்துக்குள் நுழையும்போது டேங்கை நிரப்பி வைத்தால் வியர்க்க இடம் இருக்காது. அதற்குப் பணம் இல்லையென்றால், கிளம்புவதற்கு முதல் நாள் டேங்க் அடியிலிருக்கும் டிரெய்ன் ஸ்குரூவைத் திறந்து, தெளிவான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஜூன் மாதத்தில் பெரிய கடன் கேட்டு வருகிறவரிடம் "டேங்கை வடிச்சாச்சா?" என்று நான் இப்போது கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது சிலர் கேட்கும் முன்பே பாட்டிலைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

பாட்டில் என்றது கண்ணாடி பாட்டில். கேனின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைத் தெளிவான பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் ஆடாமல் வைத்தால் போதும். நல்ல டீசல் அதன் வழியாக எழுத்துப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அடியில் கோடு விழுந்தால் தண்ணீர். முழுக்க மங்கலாக இருந்தால் தண்ணீர் கலந்து நிற்கிறது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இன்றைய டீசலில் கந்தகம் 2020 ஏப்ரல் முதல் மிகக் குறைக்கப்பட்டு, பத்து லட்சத்தில் பத்துப் பங்காகிவிட்டது. பங்கில் வாங்கும்போது சரக்கு நல்ல சரக்குத்தான். அதன் பிறகு அது எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்பதே கேள்வி.

பாத்திரம் என்றதும் இன்னொன்று. ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. புனல், ஜி.ஐ. டேங்க் டீசலுக்கு ஆகாது. துத்தநாகப் பூச்சு டீசலோடு மெல்ல வேலை செய்து சோப்புப் போன்ற ஒரு படிவத்தை உண்டாக்கும். அது ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். தண்ணீருக்கு நல்லது என்று நாம் விற்கும் வாளி டீசலுக்கு எதிரி. சாதாரண இரும்பு, அலுமினியம், டீசலுக்கான பிளாஸ்டிக், இவை போதும். புனலில் நெருக்கமான பித்தளை வலை இருந்தால் குப்பையைப் பிடிக்கும். சாக்குத் துணியிலும் பனியன் துணியிலும் வடிகட்டினால் அந்த நூலே பம்புக்குப் போகும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் மோட்டார்கள்

வெளியே மாட்டும் மோட்டார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவற்றின் ஹோஸில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். ஓடும்போது குமிழ் தட்டையாக ஒட்டிப்போனால் டேங்க் பக்கம் அடைப்பு. பெரும்பாலும் மூடியின் காற்று ஸ்குரூவைத் திறக்க மறந்திருப்பார்கள். எவ்வளவு அமுக்கியும் குமிழ் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, மாட்டும் இடத்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டாரைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடேறிய பிறகு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தினால்தான் மறுநாள் கார்புரேட்டர் மக்கர் செய்யாது.

இன்றைக்குப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுவரை வெளியே தெரியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், மோட்டார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஆகையால் கடற்கரையில் பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் சேர்த்து வைக்கிற காலம் போய்விட்டது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1934-ம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பு. ஒரு பாத்திரம் 1,000 லிட்டருக்கு மிகாமல், ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் வைத்திருப்பது வேறு, விற்பது வேறு. டீலர்ஷிப் இல்லாமல் கடையில் லிட்டர் கணக்கில் டீசல் விற்பது குற்றம். வாடிக்கையாளருக்கு உதவி என்று நினைத்துச் செய்தாலும் வழக்கு உதவியாகப் பார்க்காது. நான் சொல்வதெல்லாம் கேன், புனல், ஹோஸ், கிளிப், ஃபில்டர், வாஷர் வியாபாரம் மட்டுமே. ஃபில்டரில் போலி நிறைய வருகிறது. அட்டைப்பெட்டி அசல் மாதிரியே இருக்கும், உள்ளே காகித மடிப்பு பாதிதான் இருக்கும். கையில் இரண்டையும் வைத்து எடை பார்த்தாலே நமக்குத் தெரியாதா?

எங்கள் கடையில் இப்போது காலிக் கேன்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. டீசலுக்குக் கொடுப்பவற்றின் கழுத்தில் சிவப்புப் பெயிண்ட் கோடு. அவற்றைத் தண்ணீரால் கழுவுவதே இல்லை. அரை லிட்டர் டீசலை ஊற்றிக் குலுக்கி, கைப்பிடிக்குள் போகும்படி நாலு பக்கமும் சாய்த்துத் தனி டின்னில் ஊற்றிவிடுகிறோம். அந்த டீசல் அரிவாள், பூட்டு துரு எடுக்க உதவுகிறது. சிவப்புக் கோடு போட்ட கேன் திரும்பி வந்தால் சமையல் எண்ணெய்ப் பக்கம் போகாது, அதில் பையனுக்குக் கண்டிப்பான உத்தரவு. அந்தப் படகுக்காரரின் பாக்கியில் பாதியை நானே தள்ளிவிட்டேன். மீதியை அவர் அடுத்த சீசனில் மூன்று தவணையாகக் கொடுத்தார். இப்போதும் சாமான் நம்மிடம்தான் எடுக்கிறார். கேன் மட்டும் அவரே கொண்டுவருகிறார்.